கன்னாபிடையாலும் கொக்கெய்ன் மீள்வீழ்ச்சியும்

கன்னாபிடையால் (சிபிடி) என்பது கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத வேதிச்சேர்மம். கொக்கெய்ன், மெத்தாம்ஃபெட்டமின் போன்ற ஊக்கப் போதைப்பொருள்களை விட்டவர்கள் மறுபடியும் அவற்றுக்குத் திரும்புவதை மீள்வீழ்ச்சி என்பர். சிபிடி அதைத் தடுக்குமா என்று தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறது. சில விலங்காய்வுகளில் பலன் தெரிந்தது. மனிதர்களிடம் இதுவரை உறுதிப்படவில்லை.

தேவை

ஹெராயின் அடிமைத்தனத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய மருந்துகள் உள்ளன. ஊக்கப் போதை அடிமைத்தனத்துக்கென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த மருந்து எதுவும் இல்லை. போதையை நிறுத்துவதைவிட, நிறுத்திய நிலையில் நீடிப்பதே கடினம். பழைய இடங்களும் கூட்டாளிகளும், மன அழுத்தம், ஒரே ஒரு முறை எடுத்துப் பார்ப்பது ஆகிய மூன்றும் மீள்வீழ்ச்சிக்கு முக்கியத் தூண்டுதல்கள்.

பின்னணி

1940இல் ராஜர் ஆடம்ஸ் குழுவினர் சிபிடியைப் பிரித்தெடுத்தனர். 1963இல் இஸ்ரேலிய வேதியியலர் ரஃபேல் மெக்கூலம் குழுவினர் அதன் கட்டமைப்பைக் கண்டறிந்தனர். போதை தரும் டிஎச்சி என்ற சேர்மம் மூளையின் சிபி1 ஏற்பிகளைத் தூண்டுகிறது. சிபிடி அவ்வாறு நேரடியாகத் தூண்டுவதில்லை.

இந்த வேறுபாடு மீள்வீழ்ச்சியில் முக்கியமானது. கொக்கெய்னை நிறுத்திய எலிகளுக்குச் சிபி1 ஏற்பியைத் தூண்டும் செயற்கைச் சேர்மம் ஒன்றைக் கொடுத்தபோது அவை மீண்டும் கொக்கெய்னைத் தேடின என்று 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். அந்த ஏற்பியை அடைக்கும் ரிமோனபன்ட் என்ற மருந்து தேடலைக் குறைத்தது. ஆனால், உடல் பருமனுக்காக 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ரிமோனபன்ட், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகிய அபாயங்களால் 2008இல் விலக்கப்பட்டது.

விலங்காய்வுகள்

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஃப்ரீட்பெர்ட் வைஸ் குழுவினர் நடத்தி 2018இல் வெளியான ஆய்வு அதிகம் பேசப்படுவது. கொக்கெய்ன் அல்லது மதுவுக்குப் பழகிய எலிகளின் தோலில் சிபிடி களிம்பு நாளுக்கு ஒரு முறை வீதம் 7 நாள் தடவப்பட்டது. பழைய சூழலுக்குக் கொண்டுசென்றபோதும் மன அழுத்தம் தந்தபோதும் அவை போதையைத் தேடுவது குறைந்தது. மருந்து சில நாள்களிலேயே உடலைவிட்டு நீங்கியும் பலன் சுமார் 5 மாதங்கள் நீடித்தது. எனினும், வேறு சில எலி ஆய்வுகளில் கொக்கெய்ன் தேடலைச் சிபிடி குறைக்கவில்லை.

மனித ஆய்வுகள்

கனடாவின் மொன்றியால் நகரில் 78 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. 40 பேருக்கு நாள்தோறும் 800 மி.கி. சிபிடியும், 38 பேருக்குப் போலி மருந்தும் தரப்பட்டன. முதலில் மருத்துவமனையில் தங்கி கொக்கெய்னை நிறுத்திய பங்கேற்பாளர்கள், பின்னர் வீட்டிலிருந்தபடி 12 வாரங்கள் சிகிச்சையைத் தொடர்ந்தனர். அக்காலம் முடிவதற்குள் மூவரைத் தவிர மற்றவர்கள் மீண்டும் கொக்கெய்ன் எடுத்தனர். ஏக்கத்திலும் மீள்வீழ்ச்சியிலும் இரு குழுக்களுக்கிடையே வேறுபாடு இல்லை. பிரேசிலில் கிராக் கொக்கெய்ன் பயன்படுத்திய ஆண்களுக்கு நாளுக்கு 300 மி.கி. கொடுத்த சிறிய ஆய்விலும் ஏக்கம் தணிந்ததில் சிபிடிக்குத் தனிப் பங்கு காணப்படவில்லை. மாறாக, ஹெராயினை விட்ட 42 பேரிடம் 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தூண்டல்களால் எழும் ஏக்கத்தையும் பதற்றத்தையும் சிபிடி குறைத்தது.

பாதுகாப்பு

லெனாக்ஸ்-காஸ்டாட், டிராவே ஆகிய கடும் வலிப்பு நோய்களுக்கு 2018 முதல் அமெரிக்காவில் சிபிடி மருந்தாகத் தரப்படுகிறது. வயிற்றுப்போக்கு, தூக்கக் கலக்கம், கல்லீரல் நொதிகள் உயர்தல் ஆகியன இதன் பக்கவிளைவுகள். கஞ்சா புகைப்பது இம்மருந்துக்கு ஈடாகாது. புகையுடன் டிஎச்சியும் உடலில் சேரும். அடிமைத்தனத்திலிருந்து மீள்பவருக்கு அது புதிய ஆபத்து.

தற்போதைய நிலை

சிபிடியை ஊக்கப் போதைக்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்க இப்போதுள்ள சான்றுகள் போதா. சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இல்லையெனத் தெரியும் ஒவ்வொரு முறையும் பரிசு தரும் நடத்தைச் சிகிச்சைக்கே இத்துறையில் வலுவான சான்று உண்டு. புதிய மருந்து வரும்வரை நோயாளிகளைக் காத்திருக்க வைக்காமல் இச்சிகிச்சையை அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது அவசியம்.