ஏலக்காய்: தேர்வு, சேமிப்பு, சமையல்

ஏலக்காய் இஞ்சிக் குடும்பத்துச் செடியொன்றின் காய். உலர்ந்த ஏலக்காயின் பெரிய சந்தை, தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். ஆனால் அந்த மாவட்டத்தின் பொட்டிபுரம் போன்ற அடிவாரக் கிராமங்களில் ஏலச்செடி விளையாது. அது நிழலும் ஈரமும் கேட்கும். போடிமெட்டுக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்தில் சுமார் 600 முதல் 1,200 மீட்டர் உயரத்தில் பறித்த காய் போடிக்கு இறங்கிவருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கிப் புற்றடியிலும் நடக்கிறது.

காய் பழுக்குமுன்பே பறிக்க வேண்டும்; பழுத்தது உலரும்போது வெடித்துவிடும். தோட்டக்காரர்கள் ‘ஸ்டோர்’ என்று சொல்லும் உலர்கூடத்தில் ஏறக்குறைய ஒரு நாள் சூடான காற்றில் காய்ந்தபின், ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கும்.

பிறகு காம்பு நீக்கி, சலித்து, பருமன்வாரியாகப் பிரிப்பார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட, பச்சை மங்காத காய்க்கு விலை கூடுதல். ஆனால் மணம் தோலில் இல்லை, விதையில் இருக்கிறது. சினியோல், டெர்பினைல் அசிடேட் ஆகியவை கலந்த எண்ணெய்தான் அந்த மணம். ஆகவே வாங்கும்போது ஒரு காயைப் பிளந்து பார்ப்பதே சரியான சோதனை. விதை கறுத்தோ கரும்பழுப்பாகவோ, ஒன்றோடொன்று ஒட்டி, லேசாகப் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். வெளிறிய விதை முற்றாத காயினுடையது. வறண்டு உதிர்ந்தால் பழைய சரக்கு. கண்ணைப் பறிக்கும் பச்சையை நம்ப வேண்டாம். தண்ணீரில் போட்டதும் பச்சை கரைந்தால் அது சாயம். பாயசத்துக்குப் பொடிக்கப்போகிறவர்கள் பெருங்காய்க்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. முற்றிய சிறுகாயே போதும்.

வெளிச்சம் நிறத்தையும், காற்றும் சூடும் மணத்தையும் கெடுக்கும். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி, முழுக்காயாகவே வைக்கலாம். பொடித்துவைத்தது சில வாரங்களிலேயே மணம் குன்றும்.

சமையலில் இடும் நேரம் முக்கியம். பிரியாணிக்கு முழுக்காயை லேசாக நசுக்கி முதலிலேயே நெய்யில் போடுவார்கள்; நெய் மணத்தைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரைப் பொங்கலுக்கும் பானகத்துக்கும் விதையைச் சிறிது சர்க்கரையோடு பொடித்து இறுதியில் சேர்க்க வேண்டும். விதையெடுத்த தோலைத் தேயிலையோடு போட்டுவைத்தால் தேநீர் மணக்கும். வளைகுடா நாடுகளில் ஏலக்காய் போட்ட காபியைப் பேரீச்சம்பழத்தோடு பருகுவார்கள். நம் வீட்டுப் பேரீச்சம்பழப் பாயசத்துக்கும் இந்தச் சேர்க்கை பொருந்தும். ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று, நான்கு காய் போதும், மிகுந்தால் கசக்கும்.