செஞ்சி வட்டாரமும் பொருளாதார ஆராய்ச்சியின் அலகும்

செஞ்சியின் சரித்திரத்தை முறையாக எழுத முனைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரியார், 1943-இல் வெளிவந்த தம் நூலுக்காக ஏசு சபைப் பாதிரிமாரின் கடிதங்களையும், பாரசீக ஏடுகளையும், பிரெஞ்சு, ஆங்கிலக் கும்பினிகளின் ஆவணங்களையும் ஒருங்கே பயில வேண்டியிருந்தது. ஆயினும் அவருடைய விசாரணைக்கு அலகாக நின்றது ராஜ்யம் ஒன்றே ஆதலின், ஆதாரங்கள் பல பாஷைகளில் சிதறிக் கிடந்தபோதிலும், எதை எண்ணுவது என்னும் கேள்வி அவருக்கு எழவில்லை. மின்னணுப் பொருளாதாரத்தை ஆராய இன்று பல துறையினர் கூடும்போதோ, அவர்களை முதலில் இடறச் செய்வது அக்கேள்வியே என்பது என் அபிப்பிராயம்.

இவ்வட்டாரத்தின் முந்தைய பொருளாதார ஆய்வுகளிலும் அலகு தெளிவாயிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், மாணாக்கர்களைக் கொண்டு திரட்டிய கிராம விவரங்களை 1918-இல் பதிப்பித்தார். அவற்றுள் ஒன்றான இருவேல்பட்டு, செஞ்சியைப் போலவே இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1930-களில் பொருளாதார அறிஞர்களான தாமஸும் ராமகிருஷ்ணனும் அதனை மறு ஆய்வு செய்தனர். 1980-களின் தொடக்கத்தில் நிர்வாகத்துறையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த எஸ். குஹனும் மானிடவியலாளரான ஜோன் மென்ச்சரும் சேர்ந்து அவ்வூரைப் பற்றி எழுதியபோது, இரு சாஸ்திரங்கள் ஒரே கிராமத்தைப் பார்த்தன. கிராமம் என்னும் அலகு பொதுவாயிருந்தமையால் வழக்கு மூளவில்லை.

புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள், விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளின் பத்துக் கிராமங்களில் 405 குடும்பங்களை 2010-இல் ஆராய்ந்தபோது அலகு குடும்பமாயிற்று. 2016-இல் தொடங்கிய அடுத்த ஆய்விலோ, குடும்பத்துள் தனிமனிதரும் வினவப்பட்டனர். மனோதத்துவ நிபுணர்கள் மேல்நாட்டில் வகுத்த குணநலச் சோதனைகளையும் இந்த ஆய்வில் சேர்த்தனர். எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்று மரியாதைக்காகத் தலையசைக்கும் நம் வழக்கத்துக்கு எதிரே, அச்சோதனைகள் தனித் திருத்தமின்றிச் செல்லுபடியாவது கடினம்.

அவ்வாய்வு நடந்துகொண்டிருக்கையில், 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. இசபெல் கெரான் முதலிய சமூகப் பொருளாதார அறிஞரும், கிறிஸ்டோஃப் நோர்டுமன் போன்ற புள்ளிவிவரம் பயின்ற பொருளியலாளரும், களத்தை நன்கறிந்த வெங்கடசுப்பிரமணியனும் இந்த எதிர்பாராத சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி, அறிவிப்புக்கு முன்னும் பின்னும் சந்தித்த குடும்பங்களை ஒப்பிட்டு 2017-இல் எழுதினர்: ரொக்கம் மறைந்தபோது மக்கள் நாடியது மின்னணுப் பரிவர்த்தனையை அல்ல, உறவும் பரிச்சயமும் பின்னிய கடன் தொடர்புகளையே. எண்ணிக்கை மட்டும் கற்றவர்க்கு இம்முடிவு எட்டியிருக்குமா என்பது ஐயமே.

2016 ஏப்ரலில் யு.பி.ஐ. பணப்பரிமாற்றமும் மின்னணு தேசிய வேளாண் சந்தையும் தொடங்கப்பட்ட பின், புதியதோர் அலகு நுழைந்தது; அது கணக்கு எண். நெல்லும் மணிலாவும் வரும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தைப் போன்ற இடத்தில், கிரயப்பணம் வங்கிக்கு வந்ததை ஏடு காட்டும். அம்மூட்டையை விளைவித்ததில் மனைவியின் உழைப்பு எவ்வளவு, அப்பணத்தில் எத்தனை பங்கு முன்பே வாங்கிய கைமாற்றுக்குப் போயிற்று என்பதைக் காட்டாது. கணினி நூலார் கணக்கையும், பொருளியலார் குடும்பத்தையும், மானிடவியலார் உறவையும் எண்ணுவதால், ஒருவர் அட்டவணை மற்றவர் அட்டவணையோடு பொருந்துவதில்லை. போதாக்குறைக்கு, ஆதாரம் கிட்டுவதிலும் இடர் உண்டு; கிராமத்து வீட்டுக் கதவைத் தட்டினால் விடை கிடைக்கும். பரிவர்த்தனை ஏடுகளோ வங்கிகளிடமும் செயலி நிறுவனங்களிடமும் இருக்கின்றன.