ஆர்தர் லீக்காக ஓர் இரவு

2006-ம் ஆண்டு ஜூன் 23. நியூயார்க் நகரின் பிராட்வே சாலையில் இருக்கும் பீக்கன் தியேட்டர். 1929-ல் திறக்கப்பட்ட, 2,800-க்கும் அதிகமான இருக்கைகள் கொண்ட பழைய அரங்கம் அது. லெட் செப்பலின் குழுவின் புகழ்பெற்ற பாடகர் ராபர்ட் பிளாண்ட் அன்று அங்கே மேடையேறினார். இயன் ஹண்டர், நில்ஸ் லோஃப்கிரன், ரயன் ஆடம்ஸ், கார்லண்ட் ஜெஃப்ரீஸ், யோ லா டெங்கோ குழுவினர் என்று ஒரு பட்டாளமே வந்திருந்தது. ஆனால் யாருக்காக இத்தனை பேரும் கூடினார்களோ, அந்த மனிதர் மட்டும் அங்கே இல்லை. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் அவர் ரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் ஆர்தர் லீ. 'லவ்' இசைக்குழுவின் தலைவர்.

1960-களின் நடுவில் அமெரிக்க இளைஞர்கள் கார் நிறுத்தும் கொட்டகைகளில் கிடாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு, பயிற்சியை விட வேகத்தையே நம்பி இசைத்தார்கள். இந்த முரட்டு இசைக்குப் பின்னாளில் 'கராஜ் ராக்' என்ற பெயர் நிலைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் உருவான லவ் குழுவின் தொடக்கப் பாடல்கள் இந்த வகையைச் சேர்ந்தவையே. 1966-ல் வெளிவந்த 'செவன் அண்ட் செவன் இஸ்' இரண்டரை நிமிடம்கூட ஓடாது; ஆனால் அதன் வேகம் பத்து வருடம் கழித்து வந்த பங்க் இசையை நினைவுபடுத்தும். அமெரிக்கப் பட்டியலில் 33-வது இடத்தைப் பிடித்த அந்தப் பாடல்தான் லவ் குழுவின் மிகப்பெரிய வெற்றி.

கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே ராக் குழுவில் சேர்ந்து வாசிப்பது அபூர்வமாக இருந்த காலம் அது. லீயும் கிடார் கலைஞர் ஜானி எக்கல்ஸும் மெம்பிஸில் பிறந்த கறுப்பர்கள்; மற்றவர்கள் வெள்ளையர்கள். எலெக்ட்ரா நிறுவனம் ஒப்பந்தம் செய்த முதல் ராக் குழுக்களில் இதுவும் ஒன்று. 'தி டோர்ஸ்' குழுவைப் போய்ப் பாருங்கள் என்று அந்த நிறுவனத் தலைவரிடம் சொன்னவரும் லீதான். விளைவு? டோர்ஸ் உலகப் புகழ் பெற்றது. ஊர் ஊராகப் போய் வாசிக்க விரும்பாத லவ் குழு லாஸ் ஏஞ்சலஸுக்குள்ளேயே அடங்கிப் போனது.

1967 நவம்பரில் வெளிவந்த 'ஃபாரெவர் சேஞ்சஸ்' இன்று அந்தக் காலகட்டத்தின் தலைசிறந்த இசைத்தட்டுகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. தான் சீக்கிரம் இறந்துவிடுவோம் என்ற எண்ணத்தோடு 22 வயதில் அதை எழுதியதாக லீ பின்னாளில் கூறியிருக்கிறார். அன்று அது அமெரிக்கப் பட்டியலில் 154-வது இடத்தைத்தான் எட்டியது.

பிற்கால வாழ்க்கை இன்னும் கடுமையானது. துப்பாக்கி தொடர்பான வழக்கில் 1996-ல் லீக்கு 12 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஏற்கெனவே தண்டனை பெற்றவர்கள் மீண்டும் குற்றம் செய்தால் தண்டனையைப் பல மடங்கு கூட்டும் கலிஃபோர்னியச் சட்டமே இதற்குக் காரணம். அவர் சிறையில் இருந்தபோதே பழைய தோழர்களான கென் ஃபோர்சியும் பிரையன் மெக்லீனும் 1998-ல் இறந்துபோனார்கள். மேல்முறையீட்டில் வென்று 2001 டிசம்பரில் வெளியே வந்த லீ, 'ஃபாரெவர் சேஞ்சஸ்' முழுவதையும் வயலின் கலைஞர்களுடன் மேடையில் வாசித்தார். 2003 ஜனவரியில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் கிடைத்த வரவேற்பு, 35 ஆண்டுகள் தாமதமாக வந்த கைதட்டல் என்றால் மிகையாகாது.

அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் நோய் வந்துவிட்டது. அமெரிக்காவில் 65 வயதுக்கு உட்பட்ட பெரும்பாலானோருக்கு மருத்துவக் காப்பீடு வேலை பார்க்கும் நிறுவனம் வழியாகத்தான் கிடைக்கிறது. இசைக்கலைஞனுக்கு முதலாளி ஏது? 65 வயதைத் தாண்டினால் அரசின் 'மெடிகேர்' திட்டம் உண்டு. லீக்கு அப்போது வயது 61! கீமோதெரபிக்குப் பிறகு தொப்புள்கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்களைச் செலுத்தும் சிகிச்சையும் அவருக்குச் செய்யப்பட்டது. இதற்கெல்லாம் ஆகும் செலவை ஈடுகட்டத்தான் பீக்கன் தியேட்டரில் அந்த நிகழ்ச்சி நடந்தது.

அன்று பிளாண்ட் 13 பாடல்கள் பாடினார். அவற்றில் ஐந்து லவ் குழுவினுடையவை. உலகம் முழுக்க ஸ்டேடியங்களை நிரப்பியவர், தன் ஊரை விட்டு அதிகம் வெளியே வராத ஒரு குழுவின் பாடல்களை, அந்தக் குழுவின் ரசிகனாக நின்று பாடினார். பிற நகரங்களிலும் இதுபோன்ற நிகழ்ச்சிகள் நடந்தன.

ஆனால் பணத்தால் உயிரைப் பிடித்து வைக்க முடியவில்லை. நியூயார்க் நிகழ்ச்சி நடந்து 41 நாட்கள் கழித்து, 2006 ஆகஸ்ட் 3 அன்று, தான் பிறந்த மெம்பிஸ் நகரிலேயே ஆர்தர் லீ காலமானார்.

நோயாளிகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுக்கக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 2010-ல்தான் இயற்றப்பட்டது. பெரியவர்கள் விஷயத்தில் அது 2014-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் மூத்த கலைஞர்களுக்கான உதவி நிகழ்ச்சிகள் நின்றுவிடவில்லை. ராபர்ட் பிளாண்ட் போன்ற ரசிகர்கள் இருந்ததால் லீக்கு ஓர் அரங்கம் கிடைத்தது. 1966-ல் அதே போன்ற கொட்டகைகளில் ஒன்றிரண்டு இசைத்தட்டுகளோடு நின்றுபோன பெயர் தெரியாத குழுக்களின் கலைஞர்களுக்கும் வயது 60-ஐத் தாண்டியது. அவர்களுக்கும் நோய் வந்தது. அவர்களுக்காக மேடையேற யார் இருந்தார்கள்?

'ஃபாரெவர் சேஞ்சஸ்' பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த இசையைப் பாதுகாப்பது இன்று நாட்டின் பொறுப்பு. அதைப் படைத்தவரின் மருத்துவச் செலவோ, ஒரு ஜூன் மாத இரவில் டிக்கெட் வாங்கிய ரசிகர்களின் பொறுப்பாக இருந்தது.