நெட்டியில் பிறந்த துரைத் தொப்பி

மாட்டுப் பொங்கலன்று தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை கட்டுவார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயமேற்றிய நெட்டி மாலை. கையில் எடுத்தால் எடையே தெரியாது. குளத்திலும் ஏரியிலும் தானாக முளைக்கும் செடி அது. தண்டை அறுத்துக் காயவைத்து, பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையாகச் சோறு வரும். அதுதான் நெட்டி.

மாட்டின் கழுத்துக்கு அழகு சேர்த்த இதே சோறுதான் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் வெள்ளைக்காரத் துரைகளின் தலையையும் காத்தது. பழைய புகைப்படங்களில் கலெக்டரும் வேட்டைக்காரரும் ரயில்வே இன்ஜினியரும் கவிழ்த்த சட்டிபோல் அணிந்திருப்பார்களே, அந்தச் சோலா தொப்பி.

நெட்டிக்கு வங்காளத்தில் ஷோலா என்று பெயர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடியைத் தாவரவியலார் ஈஸ்கினோமினி ஆஸ்பெரா என்பார்கள். ஆங்கிலேயர் கண்ணில் படுவதற்கு வெகு காலம் முன்பே அது அங்கே தலைக்கு ஏறிவிட்டது. வங்காள மணமகன் கல்யாணத்தன்று தலையில் வைக்கும் கூம்பு வடிவ வெள்ளை மகுடமான டோப்பர் ஷோலாவில் செய்வதுதான். துர்க்கை பூஜைச் சிலைகளின் வெள்ளை அலங்காரமும் ஷோலாதான். இதைச் செய்யும் மாலாகர் குடும்பங்களின் கைக்கு அந்தச் செடி தலைமுறை தலைமுறையாகப் பழகியிருந்தது.

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலச் சிப்பாயின் உடையோ ஐரோப்பியக் குளிருக்குத் தைத்தது. முரட்டுக் கம்பளிக் கோட்டு, தலையில் ஷாக்கோ என்னும் உயரமான உருளைத் தொப்பி. சித்திரை வெயிலில் அந்த உடையோடு அணிவகுத்து நடந்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள். தொப்பிக்கு வெள்ளைத் துணி உறை போட்டு, பிடரியை மறைக்க அதையே பின்பக்கம் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். 1857 சிப்பாய்க் கிளர்ச்சிப் போரில் புகழ்பெற்ற ஆங்கிலத் தளபதி ஹேவ்லாக்கின் பெயரே அந்தத் துணிக்கு நிலைத்தது. அதே காலத்தில், பிலிப்பைன்ஸ் நாட்டு உழவர்கள் அணிந்த சலகோட் என்னும் குடைபோன்ற தொப்பியை அங்கிருந்த ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் நாட்டில் தலையை எப்படிக் காப்பது என்பதை வந்தவர்கள் அந்தந்த மண்ணின் மக்களிடம்தான் கற்றார்கள். இந்தியாவில் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது ஷோலா. 1840களில் தலைகாட்டிய நெட்டித் தொப்பி 1857க்குப் பிறகு எங்கும் பரவியது.

செய்முறை எளிதாகத் தோன்றும், கை பழகாமல் வராது. தண்டை உருட்டிக்கொண்டே, கூரிய கத்தியால் சுற்றிச் சுற்றிச் சீவ வேண்டும். நூல் அறுபடாமல் வருவதுபோல் காகிதக் கனத்தில் ஒரே நீளத் தாளாக நெட்டி விரியும். தாள்களைப் பசை தடவி மர அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காய்ந்ததும் வெள்ளைத் துணியோ காக்கித் துணியோ போர்த்தித் தைப்பார்கள். உள்ளே தலையைப் பிடிக்கும் பட்டை ஓட்டைத் தொடாமல் தள்ளி நிற்கும். அந்த இடைவெளியில் காற்று ஓடி, உச்சித் துளை வழியே வெளியேறும். கனமில்லை, சூடு இறங்குவதில்லை, விலையும் அதிகமில்லை. குறை ஒன்றே ஒன்று: மழையில் ஊறினாலும் மேலே ஆள் உட்கார்ந்தாலும் தொப்பி கெட்டது.

அதனால் போர்க்களத்துக்குப் போன தொப்பிகளில் பெரும்பாலும் தக்கை மரப்பட்டை வந்தது. பெயர் மட்டும் நெட்டியுடையதாகவே இருந்தது. 1879இல் தென் ஆப்பிரிக்காவின் ஜூலூ போரில், வெள்ளைத் தொப்பி எதிரிக்குக் குறிவைக்க வசதியாக இருந்ததால் சிப்பாய்கள் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிக்கொண்டார்கள்.

ஷோலா ஆங்கிலேயர் வாயில் சோலாவாகி, பிறகு சோலார் ஆனது. சூரியனைத் தடுக்கும் தொப்பி, ஆகவே சோலார் என்று அவர்களாகவே பொருள் சொல்லிக்கொண்டார்கள். இது பிழை என்று 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி எடுத்துச் சொன்னது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஏ.சி. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். அகராதி அச்சாவதற்கு நான்கு ஆண்டு முன்பே இறந்துபோனார். நெட்டி விளையும் ஊரில் வாழ்ந்தவர் கைபட்ட அகராதி அந்தச் சொல்லின் பிறப்பைச் சரியாகச் சொல்லியிருப்பது எனக்கு மனநிறைவான செய்தி.

பிறந்தபோது இந்தத் தொப்பி வெறும் நிழல்தான். பின்னால் அதற்குள் ஒரு பயம் குடியேறியது. வெப்பமண்டலச் சூரியனில் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் இருக்கின்றன, அவை வெள்ளையரின் மண்டையோட்டையும் முதுகெலும்பையும் துளைத்து நரம்பைக் கெடுக்கும் என்று மருத்துவர்களே எழுதினார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவர் சார்லஸ் உட்ரஃப் 1905இல் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். தொப்பியின் உட்புறம் சிவப்புத் துணி வைத்தார்கள். முதுகெலும்பின்மேல் பஞ்சுப் பட்டை கட்டினார்கள். பிலிப்பைன்ஸில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஆரஞ்சு சிவப்பு உள்ளாடை கொடுத்துச் சோதித்தார்கள். பலனில்லை என்று 1910இல் அறிக்கை வந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. மேகம் மூடிய நாளிலும் தொப்பியில்லாமல் குழந்தையை வாசலுக்கு அனுப்பாத வீடுகள் இருந்தன. இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் போர்ட் சையித் துறைமுகத்தில் தொப்பி வாங்கித் தலையில் வைப்பார்கள். வேலை முடிந்து நிரந்தரமாகத் தாய்நாடு திரும்பும்போது அதைக் கடலில் வீசுவார்கள்.

அந்தத் தொப்பிக்கு நெட்டி அறுத்தவர் யார்? இடுப்பளவு தண்ணீரில், தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, அதே வெயிலில் நின்றவர். அவர் தலைக்குள் மட்டும் கதிர் ஏன் இறங்கவில்லை? நாட்டு மக்களுக்கு மண்டையோடு தடிப்பு என்று பதில் சொன்னார்கள். பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1944இல் இந்தப் பதிலைக் கிழித்துக் காட்டினார். ஆள்பவன் உடம்பு வேறு, ஆளப்படுபவன் உடம்பு வேறு என்று ஓயாமல் சொன்னால்தான் ஆட்சி நிற்கும்; அதற்கு முட்டுக்கொடுக்க வந்ததே இந்த வெயில் பயம் என்பது அவர் கண்ட உண்மை. வெயிலுக்குத் தொப்பி போடுவது புத்திசாலித்தனம். வெயில் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதுதான் பொய். அந்தப் பொய்யைச் சுமக்க உலகிலேயே மிக லேசான தாவரப் பொருள்களில் ஒன்று கிடைத்தது.

பொய்யை உடைத்ததும் வெயில்தான். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளிலும் ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் சிப்பாய்கள் சாதாரணத் தொப்பியோடும் வெறுந்தலையோடும் திரிந்தார்கள். கதிர் யார் மண்டையையும் துளைக்கவில்லை. 1948இல் பிரிட்டிஷ் ராணுவம் அந்தத் தொப்பியைக் கைவிட்டது. அதற்குள் இந்தியத் தெருக்களில் கதர்க் குல்லா வென்றிருந்தது. வியட்நாமில் கதை வேறு விதமாகத் திரும்பியது. பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட படை அவர்களுடைய தொப்பியின் வடிவத்தையே எடுத்துப் பச்சையாக்கித் தனதாக்கிக்கொண்டது.

நெட்டி தன் ஊரிலேயே இருக்கிறது. அதே வெள்ளைச் சோற்றைச் சீவித் தஞ்சைக் கைவினைஞர்கள் பெரிய கோயில் கோபுரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் எழுப்புகிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாலை கட்டும் குடும்பங்களுக்கோ இப்போது பிளாஸ்டிக் மாலையோடு போட்டி. அதைவிடப் பெரிய கவலை குளம். தண்ணீர் நின்றால்தான் நெட்டி முளைக்கும். தூர்ந்த குளத்திலும் மனை போட்ட ஏரியிலும் அதற்கு இடமில்லை. பொங்கல் சந்தையில் இந்த மாலையைப் பார்த்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். அதைச் சீவிக் கோத்தவருக்காக ஏதோ ஒரு குளம் இன்னும் நிறைந்து நிற்கிறது.