சோசலிசக் கணக்கீட்டு விவாதம்

நிலம், ஆலை, சுரங்கம், எந்திரம் ஆகிய உற்பத்திச் சாதனங்கள் எல்லாம் பொதுவுடைமையாகிவிட்டால், எதை எவ்வளவு உற்பத்தி செய்வது, எதற்கு எதைச் செலவிடுவது என்று கணக்கிட்டு முடிவெடுக்க முடியுமா? இக்கேள்வியை ஒட்டி 20ஆம் நூற்றாண்டில் பொருளியலாளர்களிடையே நடந்த நெடிய வாதமே சோசலிசக் கணக்கீட்டு விவாதம். வியன்னாவைச் சேர்ந்த லுட்விக் ஃபான் மீசஸ் 1920இல் வெளியிட்ட கட்டுரை இதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. முதலாளித்துவமா, கட்டளைப் பொருளாதாரமா என்ற பூசலில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தனியுடைமை நியாயமானதா என்பது ஒன்று. உடைமையாளரும் சந்தையும் இல்லாத இடத்தில் ஒரு பொருளின் அருமையை யார், எப்படி அறிவார் என்பது மற்றொன்று. முன்னது அறம் பற்றியது. பின்னது அறிதல் பற்றியது. ஒன்றுக்குச் சொன்ன விடையையே மற்றதற்கும் விடையாக நீட்டியதால் இவ்விவாதம் பலமுறை தடம் மாறியது.

தனியுடைமையின் அறம்

கணக்கீட்டு விவாதத்துக்கு நெடுங்காலம் முன்பே உடைமையின் நியாயம் பற்றிய வாதம் தொடங்கிவிட்டது. நாட்டைக் காக்கும் வகுப்பினருக்குச் சொந்தச் சொத்து கூடாது என்றார் பிளேட்டோ. பலருக்கும் பொதுவானதை எவரும் அக்கறையோடு பேணுவதில்லை என்று அரிஸ்டாட்டில் அதை மறுத்தார். உடைமை தனியாரிடமும் பயன் பலரிடமும் இருப்பதே நல்லது என்பது அவர் முடிவு. 13ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் தனியுடைமையை ஏற்றார். ஆனால் உயிர் போகும் இக்கட்டில் ஒருவர் பிறர் பொருளை எடுத்துக்கொண்டால் அது திருட்டாகாது என்று அதற்கு எல்லையும் வகுத்தார்.

இங்கிலாந்தின் ஜான் லாக் 1689இல் வெளியான நூலில் உடைமைக்கு உழைப்பையே அடிப்படையாக்கினார். ஒருவரின் உடல் அவருக்குச் சொந்தம். ஆகவே அந்த உடலின் உழைப்பு கலந்த நிலமும் விளைச்சலும் அவருக்கே சொந்தம் என்பது அவர் வாதம். பிறருக்கும் அதே தரத்தில் போதுமானது மிஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவர் சேர்த்தார். பின்னாளில் லாக்கைத் துணைக்கு அழைத்தவர்கள் பலர் இந்த நிபந்தனையை மறந்துவிட்டனர்.

ரூசோ 1755இல், முதன்முதலாக நிலத்துக்கு வேலியிட்டதிலேயே சமூக ஏற்றத்தாழ்வின் வேரைக் கண்டார். பிரான்சின் புரூதோன் 1840இல் சொத்துரிமையைத் திருட்டு என்றே சாடினார். கார்ல் மார்க்ஸின் பார்வை இன்னும் கூர்மையானது. உடுத்தும் சட்டையையோ குடியிருக்கும் வீட்டையோ அவர் எதிர்க்கவில்லை. பிறர் உழைப்பை விலைக்கு வாங்கி அதன் உபரியை எடுத்துக்கொள்ள வழிசெய்யும் மூலதன உடைமையையே எதிர்த்தார். உழைத்தவருக்கே விளைவு உரியது என்ற லாக்கின் நியாயம், ஆயிரம் தொழிலாளர் உழைக்கும் பஞ்சாலையின் வாசலில் முதலாளிக்கு எதிராகத் திரும்பியது. ஆனால் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதி முதலாளித்துவத்தை ஆராய்ந்த அளவுக்கு, வரப்போகும் சமுதாயம் எப்படிக் கணக்குப் போடும் என்பதை மார்க்ஸ் எங்கும் விரித்து எழுதவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் அடுத்த விவாதம் எழுந்தது.

மீசஸின் சவால்

முதல் உலகப் போரின்போது ஐரோப்பிய அரசுகள் விலையைக் கட்டுப்படுத்தின. நிலக்கரியையும் தானியத்தையும் பங்கீடு செய்தன. இதைக் கண்ட ஆஸ்திரியச் சிந்தனையாளர் ஓட்டோ நாய்ராத், பணமே இல்லாமல் பொருள்களை நேரடியாகக் கணக்கிட்டு ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நடத்தலாம் என்று வாதிட்டார். ரஷ்யாவில் 1918 முதல் 1921 வரை நீடித்த போர்க்காலப் பொதுவுடைமையின்போது விவசாயிகளிடமிருந்து தானியம் கட்டாயமாகப் பறிக்கப்பட்டது, பணம் மதிப்பிழந்தது.

இந்தச் சூழலில் வந்தது மீசஸின் கட்டுரை. எந்திரங்களும் மூலப்பொருள்களும் விற்கப்படாவிட்டால் அவற்றுக்கு விலை இருக்காது. விலை இல்லையேல், ஒரே வேலையை முடிக்க உள்ள நூறு வழிகளில் சிக்கனமானது எது என்று ஒப்பிட முடியாது. இருப்புப்பாதையை மலையைக் குடைந்து போடுவதா, சுற்றிக்கொண்டு போடுவதா என்பதைப் பொறியியல் மட்டுமே தீர்மானிக்காது. இரும்பும் ஆட்களும் வேறெங்கு அதிகம் தேவைப்படுகின்றன என்பதும் தெரிய வேண்டும். அதிகாரிகள் நல்லவர்களாக இருந்தாலும் இந்தக் குறை தீராது என்பதே மீசஸின் வாதத்தின் வலிமை. ரஷ்யப் பொருளியலாளர் போரிஸ் புரூட்ஸ்கஸ் ஏறத்தாழ அதே காலத்தில் பெட்ரோகிராடில் இதே கருத்தை முன்வைத்தார்; 1922இல் அவர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

லாங்கேயின் விடை

சோசலிசத் தரப்பின் சிறந்த மறுமொழி போலந்துப் பொருளியலாளர் ஆஸ்கர் லாங்கேயிடமிருந்து 1936–37இல் வந்தது. கணக்கீட்டுச் சிக்கலை உணரவைத்ததற்காக மீசஸுக்குச் சோசலிச அரசு சிலை வைக்க வேண்டும் என்று தொடங்கி, அவரை மறுத்தார் லாங்கே. விலை என்பது கடைத்தெருவில் பிறக்கும் பணத்தொகை மட்டுமன்று. ஒன்றைப் பெற எதை எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதன் அளவு. ஆகவே திட்டக்குழுவே ஒரு விலையை நிர்ணயிக்கட்டும். மேலாளர்கள் அந்த விலைக்குச் சிக்கனமாக உற்பத்தி செய்யட்டும். சரக்கு தேங்கினால் விலையைக் குறைக்கலாம். தட்டுப்பாடு வந்தால் உயர்த்தலாம். நுகர்வோரும் தொழிலாளரும் தாம் விரும்பியதைத் தேர்ந்துகொள்வர். லாபம் மட்டும் சமூகத்துக்குச் சேரும். பொதுவுடைமையையும் விலையையும் இணைத்த இத்திட்டம் 'சந்தை சோசலிசம்' எனப் பெயர் பெற்றது. இவ்வாதத்தில் மீசஸ் தோற்றார் என்றே அன்று பல பொருளியலாளர்கள் கருதினர்.

ஹாயெக்கின் மறுமொழி

ஆஸ்திரியப் பொருளியலாளர் ஃபிரெட்ரிக் ஹாயெக் 1945இல் எழுதிய கட்டுரை வாதத்தை வேறு தளத்துக்குக் கொண்டு சென்றது. தேவையான தகவல்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு லாங்கே கணக்குப் போடுகிறார். ஆனால் அத்தகவல்கள் எவர் கையிலும் மொத்தமாக இல்லை என்றார் ஹாயெக். எந்தக் கப்பலில் இடம் காலியாக இருக்கிறது, எந்த எந்திரம் அடிக்கடி மக்கர் செய்கிறது, எந்த ஊரில் எதற்குக் கிராக்கி என்பவை கோடிக்கணக்கான மக்களிடம் சிதறிக் கிடக்கும் அறிவு. ஓரிடத்தில் வெள்ளீயம் அரிதானால் விலை ஏறும். காரணம் தெரியாதவர்களும் உலகெங்கும் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தொடங்குவர். விலை என்பது அவர்களுக்கிடையே ஓடும் செய்தி. போட்டியில் ஈடுபடுவோர் தம் சொந்த லாப நட்டத்தைப் பணயம் வைப்பதால்தான் அச்செய்தி உருவாகிறது என்பது அவர் துணிபு.

சோவியத் நாட்டில் திட்டம்

1921இல் தொடங்கப்பட்ட கோஸ்பிளான் என்ற திட்ட ஆணையம், 1928 முதல் ஐந்தாண்டுத் திட்டங்களை வகுத்தது. ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் ஓர் இருப்புநிலைக் கணக்கு போடப்படும்: ஒருபுறம் வரவு, மறுபுறம் தேவை. உருக்குத் தேவை கூடினால் நிலக்கரிக் கணக்கைத் திருத்த வேண்டும். அதைத் திருத்தினால் இருப்புப்பாதைக் கணக்கு மாறும். இப்படியே திருத்தம் நீளும். இம்முறையில் சோவியத் ஒன்றியம் ஒரு தலைமுறைக்குள் கனரகத் தொழில் வல்லரசானது. ஹிட்லரின் படையை முறியடித்தது. இந்தச் சாதனையை மறுப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆனால் கீழே இருந்த ஆலைகள் எட்டியாக வேண்டிய இலக்கு எண்ணிலேயே குறியாக இருந்தன. இலக்கை எடையில் வைத்ததால் சரவிளக்குகள் வேண்டாத கனத்தோடு தயாராயின என்பதைச் சோவியத் தலைவர் குருஷேவே குறைகூறிப் பேசினார்.

இதற்கிடையே லெனின்கிராடில் ஒரு வியப்பான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ஒட்டுப்பலகைத் தொழிலகம் ஒன்று கணித அறிஞர் லியோனிட் கான்டரோவிச்சிடம் ஒரு சிக்கலைக் கொண்டு வந்தது. பல வகை மரங்கள் இருக்கின்றன. அவற்றைச் சீவும் எந்திரங்களின் வேகம் மரத்துக்கு மரம் மாறுகிறது. எந்த மரத்தை எந்த எந்திரத்துக்குக் கொடுத்தால் உற்பத்தி மிகும்? 1939இல் அவர் வெளியிட்ட தீர்வே பின்னாளில் நேரியல் திட்டமிடல் என்ற துறையாக வளர்ந்தது. அந்தத் தீர்வோடு சேர்ந்து ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு மதிப்பும் கிடைத்தது. அது விலையின் வேலையைச் செய்தது. சிறந்த திட்டம் எதுவும் விலையைத் தன்னுள் கொண்டே இருக்கும் என்பதைத் திட்டமிடலின் தாயகத்திலேயே ஒருவர் கணிதமாக நிறுவிவிட்டார். அவருக்கு 1975இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஓர் ஆலைக்குள் அடங்கும் கணக்கு, மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு நாட்டுக்குள் அடங்கவில்லை. ஹங்கேரியின் யானோஷ் கோர்னாய் 1980இல் வெளியிட்ட நூலில், நட்டத்தை அரசு ஈடுகட்டும் என்று தெரிந்த ஆலைகள் வளங்களை வரம்பின்றிக் கேட்பதே தீராத தட்டுப்பாட்டுக்குக் காரணம் என்று காட்டினார்.

பஞ்சங்களின் சாட்சியம்

விவாதத்தின் விலையை ஏழைகள் உயிரால் கொடுத்தனர். கூட்டுப்பண்ணைகளைத் திணித்ததையும் தானியக் கொள்முதலையும் தொடர்ந்து 1932–33இல் உக்ரைன், கசகஸ்தான், வோல்கா பகுதிகளில் பல லட்சம் பேர் பட்டினியால் மடிந்தனர். சீனாவில் 1958இல் தொடங்கிய 'பெரும் பாய்ச்சலில்' உள்ளூர் அதிகாரிகள் விளைச்சலை மிகைப்படுத்திக் காட்டினர். இல்லாத விளைச்சலை நம்பி அரசு தானியத்தை எடுத்தது. இறந்தவர்கள் கோடிக்கணக்கானோர். உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை கிடைக்கும் அமைப்பில் திட்டக்குழுவுக்கு உண்மை போய்ச் சேராது.

1943இல் வங்காளத்தில் தனியுடைமையும் தானியச் சந்தையும் நிலைத்திருந்தன. அங்கே பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டனர். உணவு அடியோடு இல்லாமல் போனதைவிட, போர்க்கால விலையேற்றத்தில் கூலித் தொழிலாளரும் மீனவரும் அதை வாங்கும் திறனை இழந்ததே முதன்மைக் காரணம் என்று அமர்த்தியா சென் 1981இல் விளக்கினார். கடையிலிருந்த அரிசிக்குச் சட்டத்தின் காவல் இருந்தது. பசித்தவருக்கு எந்த உரிமையும் இல்லை. பணம் வைத்திருப்பவரின் தேவையையே விலை கேட்கும். அக்வினாஸ் வகுத்த எல்லை இங்கே மீறப்பட்டது.

சீனாவின் கூட்டுப்பண்ணை முறைக்கு மாற்று கீழிருந்தே வந்தது. 1978இன் இறுதியில், அன்ஹுயி மாநிலச் சியாவ்காங் சிற்றூரில் 18 குடும்பத்தார் ரகசியமாகக் கூடி ஓர் உடன்படிக்கை எழுதினர். நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொள்வது. அரசுக்குரியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தாமே வைத்துக்கொள்வது. ஊர்த் தலைவர்கள் சிறைப்பட்டால் அவர்களின் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பது. கைநாட்டு வைத்து உறுதி செய்தார்கள். அடுத்த ஆண்டு விளைச்சல் பன்மடங்கு பெருகியது. சில ஆண்டுகளில் இம்முறை சீனா முழுவதும் பரவியது. ஆனால் நிலம் இன்றும் அங்கே கிராமக் கூட்டுடைமைதான். குடும்பங்களுக்கு உள்ளது பயன்பாட்டு உரிமை.

இந்தியாவில்

இவ்விவாதம் இந்தியாவில் அரசியலாகவே நடந்தது. காந்தி, செல்வர்கள் தம் சொத்தின் தர்மகர்த்தாக்களாக இருக்க வேண்டும் என்று மூன்றாம் வழி ஒன்றைச் சொன்னார். 1955 ஜனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு எனத் தீர்மானித்தது. புள்ளியியலாளர் மகலனோபிஸ் வடிவமைத்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் (1956–61) கனரகத் தொழிலை முன்னிறுத்தியது. அதை ஆராய்ந்த பொருளியலாளர் குழுவில் பி. ஆர். ஷெனாய் மட்டும் மாற்றுக் குறிப்பு எழுதினார். 1959இல் ராஜாஜி சென்னையில் சுதந்திரக் கட்சியைத் தொடங்கி, தொழிலுக்கு அரசின் உரிமம் கேட்கும் 'பெர்மிட்–லைசென்ஸ் ராஜ்' ஊழலையும் அதிகாரக் குவிப்பையும் வளர்க்கிறது என்று எச்சரித்தார். 1978இல் 44ஆவது அரசமைப்புத் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கி, 300-ஏ பிரிவின் கீழ் சட்ட உரிமையாக்கியது. 1991இல் உரிமக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்ந்தன.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் ஒரு பழைய கேள்விக்கு விடை சொன்னது. அரசமைப்பின் 39(பி) பிரிவு பொதுநலனுக்காகப் பகிரச் சொல்லும் சமூக வளங்களில் தனியார் சொத்து அனைத்தும் அடங்காது; சில வகைகள் அடங்கலாம். எல்லாம் அடங்கும் என்று 1970களில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய கருத்தை அமர்வு ஏற்கவில்லை.

மதிப்பீடு

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, அறிதல் பற்றிய கேள்வியில் மீசஸும் ஹாயெக்கும் பெரிதும் வென்றதாகக் கருதப்பட்டது. இன்றைய கணினிகள் லாங்கேயின் கனவை மீட்கும் என்று வாதிடுவோரும் உண்டு. 1965இல் மறைந்த லாங்கேயே தம் இறுதிக் கட்டுரையில் அதைத்தான் சொன்னார். ஆனால் அறம் பற்றிய கேள்வியை அந்த வெற்றி தொடவில்லை. அதை மெய்யியலாளர்கள் ஜான் ராலஸ் 1971இலும் ராபர்ட் நோசிக் 1974இலும் எதிரெதிர் நிலைகளிலிருந்து மீண்டும் எழுப்பினர். மேய்ச்சல் நிலம், பாசனம், மீன்வளம் போன்றவற்றை அரசும் தனியாரும் இன்றி ஊர்ச் சமூகங்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் காட்டினார்.

தமிழ்நாட்டுத் தெருவில் மளிகைக் கடையும் ரேஷன் கடையும் அருகருகே இயங்குகின்றன. ஒன்றில் விலை வழிகாட்டுகிறது; மற்றொன்றில் அரிசி அட்டைதாரரின் உரிமையாகிறது. இரண்டில் ஒன்றை மூடச் சொல்பவர் வரலாற்றின் ஒரு பாதியை மட்டும் படித்தவர். தனியுடைமையை ஆதரிப்பவர் 1943க்கும், கட்டளைப் பொருளாதாரத்தை ஆதரிப்பவர் 1933க்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உண்மை விலையும் வேண்டும். விலை கொடுக்க இயலாதவருக்குச் சோறும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே தராத எந்தப் பொருளாதார ஏற்பாடும் நியாயமானது என்று பெயர் பெற முடியாது.