தரவு ஓடை வினவல்

தரவு ஓடை வினவல் என்பது இடையறாது வந்துகொண்டிருக்கும் தரவுகளை, அவை வரும்போதே ஆராய்ந்து விடை தரும் கணினியியல் முறை ஆகும். வழமையான தரவுத்தளத்தில் தரவுகள் தங்கியிருக்கும், வினவல்கள் வந்துபோகும். இங்கு வினவல் தங்கியிருக்க, தரவுகள் கடந்து செல்கின்றன.

சாளரம்

ஓடைக்கு முடிவில்லை; கணினியின் நினைவகமோ வரம்புடையது. எனவே, கடைசி 5 நிமிடங்கள் என்பது போன்ற காலச் சாளரத்துள் அடங்கும் தரவுகளுக்கு மட்டும் கூட்டுத்தொகை, சராசரி முதலியன கணிக்கப்படுகின்றன.

மதிப்பீடு

ஒரு வலைத்தளத்துக்கு எத்தனை வெவ்வேறு முகவரிகளிலிருந்து பயனர் வந்தனர் எனத் துல்லியமாக அறிய, அம்முகவரிகள் அனைத்தையும் சேமிக்க வேண்டும். பிலிப் பிளாசோலே, நைஜல் மார்ட்டின் ஆகியோர் 1985 இல் விரிவாக விளக்கிய படிமுறை இதனைத் தவிர்க்கிறது. ஒவ்வொரு முகவரியும் ஹாஷ் சார்பினால் இரும எண்ணாக மாற்றப்படுகிறது. 10 சுழியங்களில் முடியும் எண் சராசரியாக 1024 இல் ஒருமுறையே தோன்றும். ஆகவே எத்தனை சுழியங்கள் வரை தோன்றின என்னும் குறிப்பு மட்டுமே மதிப்பீட்டுக்குப் போதுமானது. ஒரே முகவரி மீண்டும் வந்தால் அதே எண்ணே கிடைப்பதால் கணக்கு மாறாது.

பிந்திய தரவுகள்

வலையமைப்புத் தாமதத்தால் சில தரவுகள் பிந்தி வரும். காத்திருந்தால் விடை தாமதமாகும். காத்திராவிடில் விடை குறைபடும். எதுவரை காத்திருப்பது என்பதை நீர்க்குறி எனப்படும் நேர எல்லை தீர்மானிக்கிறது.