பழைய வாடகை வீடுகளில் ஈய நஞ்சும் வீட்டு உரிமையாளர் கடமையும் (புதுக்கோட்டை மாவட்டம்)

பழைய எனாமல் பெயிண்ட் உரிந்து தூளாகித் தரையிலும் சன்னல் விளிம்பிலும் படிகிறது. தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குள் போகிறது. வீடுகளில் ஈய நஞ்சு பரவும் முக்கிய வழிகளுள் இது ஒன்று. பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல், விழுங்கிய ஈயத்தை நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். பாதிக்கப்பட்ட மூளை வளர்ச்சி மீள்வதில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

புதுக்கோட்டை நகரின் ஓட்டு வீடுகளிலும், திருமயம் வட்டத்து இராயவரம், கோனாப்பட்டு முதலிய நகரத்தார் ஊர்களின் பழைய வீடுகளிலும் சுவருக்கு அடித்த வெறும் சுண்ணாம்பு இந்த வகையில் கவலை தருவதில்லை. கவனிக்க வேண்டியவை எனாமல் அடித்த கதவு, நிலை, சன்னல் கம்பி, இரும்புக் கேட். பளிச்சென்ற மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஈயக் குரோமேட் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும்போது, பழைய பூச்சை உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்கும் நேரமே மிக ஆபத்தானது.

வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசு விதிகள் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தன. அவை உற்பத்தியையும் விற்பனையையும் கட்டுப்படுத்துகின்றன. ஏற்கெனவே கதவில் இருக்கும் பூச்சைத் தொடுவதில்லை. ஈயத்தைப் பெயர் சொல்லி வீட்டு உரிமையாளர் மீது கடமை விதிக்கும் சட்டமும் இந்தியாவில் இல்லை. இது பெரிய குறை.

அதற்காக வாடகைதாரர் கையறு நிலையில் இல்லை. சாதாரண கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறை உரிமையாளருக்குத் தெரிந்திருந்தால், குடிவருபவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108(அ) பிரிவு. பெயிண்டில் ஈயம் இருப்பது பரிசோதனையில் தெரிந்த பிறகு மறைப்பதை இப்பிரிவின் கீழ் கேள்வி கேட்க இடமுண்டு. ஆனால் பரிசோதித்துப் பார் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. தெரியாது என்று சொல்லித் தப்பிக்கும் வழி இதில்தான் இருக்கிறது.

2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலுள்ள, நில உரிமையாளர்–வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் (2017) இன்னும் நேரடியாக உதவும். அதன் இரண்டாம் அட்டவணை சுவருக்கு வெள்ளையடிப்பதையும், கதவு சன்னல்களுக்கு பெயிண்ட் அடிப்பதையும், தேவைப்படும்போது குழாய் மாற்றுவதையும் உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. இவற்றுள் எனாமல் அடித்த கதவும் சன்னலும் ஈயம் தங்கியிருக்கும் இடங்களே. ஆகவே உரிந்த பூச்சைச் சரிசெய்யக் கேட்பது சலுகை கோருவதாகாது. எழுத்து மூலம் கேட்டு நகல் வைத்துக்கொள்வது நல்லது. மறுத்தால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வேலை நடக்கும்போது பூச்சை நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் தங்கவைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர், ஈய பெயிண்ட் பற்றித் தாம் அறிந்ததை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதித் தரவேண்டும். அரசின் எச்சரிக்கைக் கையேட்டையும் கொடுக்க வேண்டும். 1992-இல் இயற்றிய சட்டம் இதற்கு அடிப்படை. தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். அந்த ஒப்பந்தத்தில் பெயிண்ட் பற்றிய ஒரு வரியைச் சேர்க்கப் பெருஞ்செலவு ஆகாது.